புது ஆம்ப் வாங்கும் முன்: பழைய ஹை-ஃபையைக் கைக்காசுக்குள் தேற்றுவது எப்படி?

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல வீட்டு லவுஞ்சுகளில் அப்பா காலத்து ஹை-ஃபை (ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்த பாட்டு செட்) ஒன்று இன்னும் மூலையில் உட்கார்ந்திருக்கும். பயனியரோ கென்வுட்டோ, ஒரு பக்கம் பாடும், மறுபக்கம் கரகரக்கும். "பழசாகிப்போச்சு, புதுசு எடுத்துடலாம்" என்று கிளம்பும் முன் கீழே உள்ள வரிசையில் பார்த்துக்கொண்டு வாருங்கள். ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி; அதை மாற்றுவதை வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்திருக்கிறேன். கையில் ஒரு மலிவு மல்டிமீட்டரும் (வோல்ட் அளக்கும் கருவி) கொஞ்சம் ரிப்கார்ட் வயரும் (ஒட்டிய இரட்டை வயர்) இருந்தால் ஆரம்பிக்கலாம்.

படி 1: துடையுங்கள்

டர்பன் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். ஸ்பீக்கர் வயரின் நுனியைப் பாருங்கள், செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, பளபளக்கும் செம்பு தெரியும்படி புதிதாகச் சீவி மாட்டுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் பேஸ் (கனமான தாழ்ந்த ஒலி) காணாமல் போய்விடும்.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு வால்யூம், பேலன்ஸ், செலக்டர் எல்லாவற்றையும் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை இருபது முப்பது தடவை திருப்புங்கள். முன்பக்கம் 'டேப் மானிட்டர்' பொத்தான் இருந்தால் அதையும் பலமுறை அழுத்தி எடுங்கள். ஒரு சேனல் (இடது அல்லது வலது பக்கம்) வராமல் போவதற்குப் பல நேரம் காரணம் யாரும் தொடாத இந்தப் பொத்தான்தான், உள்ளே அழுக்குப் படிந்திருக்கும். அப்படியும் கரகரப்பு போகவில்லையென்றால் கான்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும். பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், அது தூசியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றும் வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் (மின்சாரத்தைச் சேமிக்கும் பாகங்கள்) மின்சாரம் தங்கியிருக்கும்.

படி 2: ஆம்ப் உயிரோடு இருக்கிறதா?

ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். ஆம்பை ஆன் செய்து ஐந்து நிமிடம் விடுங்கள். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு சேனலின் சிவப்பு கறுப்பு முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள், பிறகு அடுத்த சேனல். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்றால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முழு வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

வால்யூமைக் குறைத்த பிறகும் "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் இரைச்சல் வருகிறதா? பவர் சப்ளை கெபாசிட்டர் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மாற்றச் சொல்லும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகம் என்று கேளுங்கள்.

படி 3: ஸ்பீக்கரை நகர்த்துங்கள்

காசே வேண்டாம். மூலையிலிருந்து வெளியே இழுத்து, ட்வீட்டர் (கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) உங்கள் காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள். ஒட்டுவீடு என்றால் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் ஸ்பீக்கரைச் சாய்க்காதீர்கள். ஒலிக்கும் நல்லது, அக்கம்பக்க உறவுக்கும் நல்லது.

படி 4: வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

50 வாட் ஆம்பை 100 வாட்டாக மாற்றினால் கூடுவது 3 டெசிபல் (சத்தத்தின் அளவு)தான். "கொஞ்சம் கூடியிருக்கு" என்று சொல்லலாம், அவ்வளவே. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆனால் ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று ஸ்பீக்கருக்கும் ஒரு டெசிபல் கணக்கு உண்டு: 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கர் கிடைத்தால், ஆம்பைத் தொடாமலே அதே 3 டெசிபல் வந்துவிடும். அதனால் கையில் இருப்பது சொற்பம் என்றால் அடகுக்கடையில் முதலில் ஸ்பீக்கரைத் தேடுங்கள்.

பெட்டியில் "3000 வாட் பிஎம்பிஓ" (விளம்பரத்துக்காக ஊதிப் போடும் உச்ச வாட் கணக்கு) என்று போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். சுவரிலிருந்து 80 வாட் எடுக்கிறேன் என்று அதுவே சொல்லும்போது, தொடர்ந்து அதைவிட அதிகமாக எங்கிருந்து கொடுக்கும்? அதே தகட்டில் 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள், நம் ஊரில் 230.

படி 5: ஆம்ப் உண்மையிலேயே போய்விட்டதா?

டிபிஏ3116 சிப் போட்ட குட்டி கிளாஸ்-டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத ரகம்) ஆம்ப் வாங்குங்கள். சில நூறு ராண்டில் முடியும். இதற்கு 26 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜர் அருமையாகப் பொருந்தும், பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவ்தானா என்று மட்டும் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 20 வாட் போல வரும். லவுஞ்சுக்கு இது தாராளம், விளம்பரத்தில் எவ்வளவு போட்டிருந்தாலும் சரி.

ஒரு எச்சரிக்கை: இந்த வகையில் கறுப்பு முனையும் கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு கறுப்பு முனைகளையும் ஒன்றாக முறுக்கினால் ஆம்ப் போய்விடும்.

அப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்க வேண்டுமானால் பழைய ஆம்பைத் தூக்கிப் போடாதீர்கள். இந்தக் குட்டியில் ஃபோனோ உள்ளீடு (இசைத்தட்டு பிளேயரின் மெல்லிய சிக்னலுக்கான இணைப்பு) இருக்காது. டர்ன்டேபிளைப் பழைய ஆம்பில் மாட்டி, அந்த ஆம்பின் 'ரெக் அவுட்' (ரெக்கார்டருக்கு அனுப்பும் வெளியீடு) முனையிலிருந்து புதியதற்கு வயர் இழுங்கள். பழையதன் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதி செத்திருந்தாலும் ஃபோனோ பகுதி பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

படி 6: கரண்ட் போனால்

கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது வரும் சர்ஜ்தான் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) ஆம்பைக் கொல்லும். குட்டி ஆம்ப் வாங்கியவர்களுக்கு இதில் ஒரு கொசுறு லாபம்: கேட் மோட்டாருக்குப் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியிலும் அது பாடும். வாட் பாதிக்கும் கீழே இறங்கும், ஆனால் மிதமான சத்தத்தில் சில மணி நேரம் தாங்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். மீட்டர் 11.5 வோல்ட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு சார்ஜில் போடுங்கள்.