நடுநிலைப் பள்ளிக் கால்பந்து அணியை உருவாக்குவது எப்படி? முதன்முறை பயிற்சியாளருக்கான செய்முறை

ஜூனில் பள்ளி திறந்த சில நாட்களில் தலைமையாசிரியர் அழைத்து, "இந்த ஆண்டு குறுவட்டப் போட்டிக்கு நம் பள்ளியிலிருந்தும் கால்பந்து அணி போக வேண்டும், நீங்கள் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். நீங்கள் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், கணக்கு ஆசிரியராகவும் இருக்கலாம். அலமாரியில் மூன்று பந்துகள் இருக்கும், அவற்றில் ஒன்று காற்றிறங்கிக் கிடக்கும். எதிரே 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். அந்த நிலையில் தொடங்கும் ஒருவருக்காக எழுதியது இது.

ஆண்டு முழுவதும் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து எத்தனை முறை பட்டது? இந்த வயதில் வியூகமும் வேகமும் பிறகு வரலாம். பந்தோடு பழக வேண்டிய காலம் இதுதான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இந்தக் கேள்வியை வைத்தே முடிவு செய்திருக்கிறேன்.

படி 1: மைதானத்தை நடந்து பாருங்கள்

பந்தை எடுப்பதற்கு முன் மைதானத்தின் நான்கு மூலைகளுக்கும் நடந்து செல்லுங்கள். நெருஞ்சி முள், உடைந்த கண்ணாடி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, மழைநீர் அரித்த குழி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கல் பொறுக்கினாலே பாதி மைதானம் விளையாடும் நிலைக்கு வந்துவிடும்.

கோல் கம்பத்தை மட்டும் நீங்களே சோதிக்க வேண்டும். தூக்கி நகர்த்தக்கூடிய இரும்புக் கம்பமாக இருந்தால் அது ஆபத்தானது. பிள்ளைகள் குறுக்குக் கம்பியில் தொங்குவார்கள், அது முன்பக்கமாகச் சாய்ந்து தலையிலோ நெஞ்சிலோ விழும். பல நாடுகளில் குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். பின்பக்க அடிக்கம்பியில் மணல் மூட்டைகளை அடுக்குங்கள் அல்லது தரையில் முளையடித்துக் கட்டுங்கள். பயன்படுத்தாதபோது முகம் குப்புறப் படுக்க வைத்துவிடுங்கள். கம்பமே இல்லையென்றால் கவலை வேண்டாம், மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள் இரண்டு போதும். செங்கல்லை வைக்காதீர்கள், ஓடும் பிள்ளை அதன்மேல் விழுந்தால் அடி பலமாக இருக்கும்.

படி 2: பந்தும் காலணியும்

12 வயது வரையிலானவர்களுக்கு 4ஆம் எண் பந்து, அதற்கு மேல் 5ஆம் எண் பந்து என்பது பொதுவான வழக்கம். 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடையும் 68 முதல் 70 செ.மீ. சுற்றளவும் கொண்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மெல்லிய காலுக்கு அது கனம். வாங்கும் வாய்ப்பு இருந்தால் 4ஆம் எண்ணில் கூடுதலாக வாங்குங்கள். கரடுமுரடான தரையில் தையல் பந்து சீக்கிரம் பிரியும், வார்ப்பு ரப்பர் பந்து நீடிக்கும். காற்றடிக்கும் ஊசியை ஈரமாக்கிச் செருகினால் வால்வு கெடாது.

பிள்ளைகளில் பாதிப் பேரிடம் பூட்ஸ் இருக்கும், பாதிப் பேர் வெறுங்காலோடு வருவார்கள். இருவரையும் ஒரே ஆட்டத்தில் கலக்காதீர்கள், அடிக்குமிழ் உள்ள பூட்ஸ் வெறுங்கால் விரலை நசுக்கிவிடும். பயிற்சி நாட்களில் எல்லோரும் கேன்வாஸ் ஷூ, அது இல்லாவிட்டால் எல்லோரும் வெறுங்கால் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் விதிப்படி போட்டியில் காலணியும் முழங்காலுக்குக் கீழே அணியும் காப்பும் கட்டாயம். புது பூட்ஸை முதன்முதலாகப் போட்டியன்று மாட்டினால் இடைவேளைக்குள் குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழகட்டும்.

படி 3: முதல் மாதத்தில் யாரையும் கழிக்காதீர்கள்

முதல் நாளே தேர்வு வைத்து உயரமானவர்களையும் வேகமானவர்களையும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவது வழக்கமாக நடப்பது. நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒருவன் மீசை அரும்பி நிற்பான், பக்கத்தில் இன்னொருவன் அவன் தோள் உயரம்கூட இருக்க மாட்டான். இருவருக்கும் ஒரே வயதாக இருக்கும். இன்று தெரியும் வித்தியாசம் உடல் எப்போது வளர்ந்தது என்பதைத்தான் காட்டுகிறது, திறமையை அல்ல. பந்தைக் கட்டுப்படுத்தக் கற்ற அந்தச் சின்னப் பையன், இரண்டு ஆண்டுகளில் உடலும் வளர்ந்ததும் அணியில் முந்திப் போகலாம்.

எல்லோரையும் ஒரு மாதம் வைத்திருங்கள். வருகைப் பதிவேடு ஒன்று போடுங்கள். அணியை அறிவிக்கும்போது வருகைக்கும் முயற்சிக்கும் இடம் கொடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். வயதுச் சான்றை இப்போதே சரிபார்த்துவிடுங்கள். 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் வயது கூடியவனை நுழைத்துப் பெறும் கோப்பை, அந்த இடத்தில் ஆட வேண்டிய ஒரு பிள்ளையிடமிருந்து பறித்தது.

படி 4: ஒரு மணி நேரத்தைப் பிரியுங்கள்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 24 பேர் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கோலுக்கு அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு 15 நொடி என்றால் 10 நிமிடத்தில் 40 அடி. ஒரு பிள்ளைக்கு இரண்டு முறைகூடக் கிடைக்காது. மீதி நேரம் முழுவதும் அவன் வரிசையில் முன்னால் நிற்பவனின் சட்டையை இழுத்துக்கொண்டிருப்பான். பிறகு நாம் ஒழுங்கில்லை என்று திட்டுகிறோம். வரிசையைக் கலைத்தாலே ஒழுங்குப் பிரச்சினையில் பெரும்பகுதி தீரும்.

முதல் 10 நிமிடம் உடலைச் சூடாக்குவதற்கு. மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லாதீர்கள். தொட்டுப் பிடிக்கும் விளையாட்டை பந்தை உருட்டிக்கொண்டே ஆடச் சொல்லுங்கள். அதோடு ஒற்றைக்காலில் நிற்பது, தாவி இரு காலில் மெதுவாக இறங்குவது, விழும்போது உருள்வது போன்றவற்றையும் சேருங்கள். 7 முதல் 13 வயது வரையிலானவர்களுக்காக உருவாக்கப்பட்ட 'ஃபிஃபா 11+ கிட்ஸ்' பயிற்சித் தொகுப்பின் சாரம் இதுதான். நான்கு ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வில் இதைச் செய்த அணிகளில் காயங்கள் 48 சதவீதம் குறைந்தன.

அடுத்த 15 நிமிடம் ஒரே ஒரு திறன். இன்று உட்பாதத்தால் பாஸ் கொடுப்பது என்றால் இன்று அது மட்டுமே. மூன்று பேருக்கு ஒரு பந்து, எட்டு மீட்டர் இடைவெளி. ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அடிக்கும் காலின் கணுக்கால் இறுகியிருக்கட்டும். இவ்வளவு சொன்னால் போதும், ஐந்து அறிவுரை சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. மூன்று பேருக்கு ஒன்று என்ற அளவுக்குப் பந்து இல்லாவிட்டால் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி திறன் பழகும்போது மறுபாதி சிறு ஆட்டம் ஆடட்டும்.

மீதி நேரம் முழுவதும் ஆட்டம். 24 பேரையும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாக விடாதீர்கள். சுண்ணாம்புப் பொடியால் 25 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் மூன்று கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றிலும் நான்குக்கு நான்கு. கோல்கீப்பர் வேண்டாம், ஒரு மீட்டர் அகலக் கோல் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடியுங்கள். வென்ற அணி வலப்பக்கக் கட்டத்துக்கும் தோற்ற அணி இடப்பக்கக் கட்டத்துக்கும் நகரட்டும். இரண்டு மூன்று சுற்றுக்குள் பலம் ஒத்த அணிகள் தாமாகவே ஒன்றையொன்று சந்திக்கும். சிறிய கட்டத்தில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது, கூச்சப்படும் பிள்ளையின் காலுக்கும் பந்து வந்தே தீரும்.

பெரிய மைதானத்தில் எல்லோரும் ஈ மொய்ப்பதுபோல் பந்தைச் சூழ்வதைப் பார்த்துப் பதறாதீர்கள். அது அந்த வயதின் இயல்பு. "இடத்துக்குப் போ" என்று கத்துவதால் மாறாது. நான்குக்கு நான்கு ஆட்டத்தில் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு பட்டையை வரைந்து, அங்கே நிற்பவரிடமிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது என்று ஒரு வாரம் விதி வையுங்கள். விரிந்து நின்றால் பந்தோடு நிம்மதியாக இருக்கலாம் என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

படி 5: தலையால் முட்டுவதில் நிதானம்

அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015-ல் 10 வயது வரையிலானவர்கள் பந்தைத் தலையால் முட்டுவதற்குத் தடை விதித்தது, 11 முதல் 13 வயதினருக்குப் பயிற்சியில் வரம்பு வைத்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020-ல் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியில் இது வேண்டாம் என்றது. நம் பள்ளியிலும் லேசான பிளாஸ்டிக் பந்தால் நெற்றியில் வாங்கும் முறையை மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு பேர் தலை மோதி ஒருவன் தடுமாறினாலோ, வாந்தி எடுத்தாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ அன்று அவனுக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

படி 6: பசி, வெயில், வலி

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியபோது 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கானது. உங்கள் அணியோ 6 முதல் 8 வரை. விடியற்காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு வந்து, அப்படியே பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகள் உண்டு. "சாப்பிட்டாயா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தனியாகக் கேளுங்கள். இரண்டு வாழைப்பழம், ஊறவைத்த நிலக்கடலை, வேகவைத்த சுண்டல் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஊரில் ஒருவரைப் பொறுப்பேற்கச் சொல்லுங்கள். புதிய ஜெர்சிக்கு நன்கொடை கேட்பதற்கு முன் இதற்குக் கேளுங்கள்.

வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், மாலையில் என்றால் நாலரைக்குப் பிறகு. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க நிறுத்துங்கள். "தண்ணீர் குடித்தால் ஓட முடியாது" என்ற பழைய நம்பிக்கையை மைதானத்துக்குள் விடாதீர்கள். முடிந்ததும் உப்பிட்ட நீர்மோர் நல்லது.

வளரும் வயதில் இரண்டு வலிகள் அடிக்கடி வரும்: முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது, குதிகாலின் பின்பக்கம் வலிப்பது. இவை சோம்பலுக்கான சாக்கு அல்ல. எலும்பு வேகமாக வளரும் இடத்தைத் தசைநார் இழுப்பதால் வருபவை. ஓட்டத்தையும் தாவலையும் குறையுங்கள், வலி தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் தேய்த்துச் சுளுக்கெடுக்க விடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்து ஓய்வு. ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

படி 7: வீடுகளுக்குப் போங்கள்

காலாண்டுத் தேர்வு நெருங்கினால் அணி பாதியாகச் சுருங்கும். "படிப்பு கெட்டுவிடும் சார்" என்பார்கள். தொலைபேசியில் வாதாடுவதைவிட நேரில் போவது பலன் தரும். பெரும்பாலும் முடிவெடுப்பவர் அம்மா, அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், தேர்வு வாரத்தில் விடுமுறை உண்டா, பிள்ளை வீடு திரும்புவது எப்படி என்ற மூன்றையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் வேலை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "ஆறு மாதம் அனுப்புங்கள், மதிப்பெண் குறைந்தால் நானே நிறுத்திவிடுகிறேன்" என்பது நேர்மையான பேச்சு.

பெண் பிள்ளைகள் ஏழாம், எட்டாம் வகுப்பில் வயதுக்கு வந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். இங்கேதான் பயிற்சியாளரின் உண்மையான உழைப்பு தேவை. ஆசிரியை ஒருவர் மைதானத்தில் இருக்க வேண்டும், கழிப்பறை பூட்டிக் கிடக்கக் கூடாது, முழங்கால் வரை மறைக்கும் உடைக்குத் தடை சொல்லக் கூடாது, இருட்டும் முன் ஒரே தெருப் பிள்ளைகளைக் கூட்டாக அனுப்ப வேண்டும். தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் சாம்பியன் ஆனது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடினார், காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றினார். பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் படத்தையும் காட்டுங்கள்.

படி 8: போட்டிக்கு முன் நான்கு விதிகள்

முதன்முறை களமிறங்கும் அணிகள் ஆட்டத்தில் தோற்பதற்கு முன்பே விதியில் தடுமாறும். இவற்றை நடந்து காட்டிப் பழக்குங்கள்.

பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே த்ரோ எறியும்போது பந்து இரு கைகளாலும் தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக வர வேண்டும், இரு கால்களும் ஓரளவாவது தரையில் பட்டிருக்க வேண்டும். கோல் கிக்கில், அதாவது தன் கோலுக்கு முன்னிருந்து தற்காக்கும் அணி உதைக்கும்போது, பந்து கோல் முன்னுள்ள பெரிய பெட்டியை விட்டு வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, 2019 முதல் உதைத்து நகர்ந்தவுடனே ஆட்டம் தொடங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் சக வீரனுக்கே கொடுக்கலாம். தொடக்க உதையை 2016 முதல் எந்தத் திசையிலும் அடிக்கலாம். ஆஃப்சைடைக் கரும்பலகையில் விளக்குவது வீண், ஆறு பேரை மைதானத்தில் நிறுத்திக் காட்டுங்கள்: பாஸ் புறப்படும் கணத்தில் எதிரணிப் பாதியில் இருந்துகொண்டு, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டி நின்று, ஆட்டத்தில் தலையிட்டால் தவறு. த்ரோ, கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை.

படி 9: போட்டி நாள்

மாற்று ஆட்டக்காரர்கள் யார், எந்த நிமிடத்தில் இறங்குவார்கள் என்று முதல் நாளே தாளில் எழுதிவிடுங்கள். ஆட்டத்தின் பரபரப்பில் முடிவெடுத்தால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கடைசிவரை உட்கார்ந்தேயிருப்பான். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு பாஸுக்கும் கத்தாதீர்கள், பந்து காலில் இருக்கும்போது அவனே யோசிக்கட்டும். நடுவரிடம் பேசுவது அணித் தலைவர் மட்டுமே. பெற்றோர் கத்தினால் இடைவேளையில் போய் மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஆறு கோலில் தோற்றாலும் பேச்சு இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. யார் தவறு என்ற பேச்சே வேண்டாம், தண்ணீர் கொடுங்கள், தலைகளை எண்ணிப் பஸ்ஸில் ஏற்றுங்கள். ஆய்வு அடுத்த பயிற்சியில், பந்தோடு.

படி 10: எட்டாம் வகுப்பு முடிப்பவர்களை ஒப்படையுங்கள்

நடுநிலைப் பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டு பழகியவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போவார்கள். அங்கே யாருக்கும் இவர்களைத் தெரியாது. பலர் அங்கேயே ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் மாதத்தில் ஒரு தாளில் பெயர், பிறந்த தேதி, ஆடும் இடம், ஆடிய போட்டிகள், பெற்றோர் எண் எல்லாவற்றையும் எழுதி, அந்த உயர்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வு அறிவிப்பு வந்ததும் தகுதியுள்ளவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, தேர்வு நடக்கும் நாளில் கூடப் போங்கள். வீட்டில் யாரும் அழைத்துப் போக இயலாத பிள்ளைக்கு நீங்கள்தான் போக வேண்டியிருக்கும்.