இளம் வயதில் வாள் கூடத்தை ஏற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஜப்பானிய வாள் கலையான கெண்டோவின் பயிற்சி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த டோஜோவின், அதாவது பயிற்சிக் கூடத்தின், பொறுப்பை ஏற்று மூன்று மாதமே ஆன இளைஞர், தன்னைவிட மூத்த மாணவர்களை வரிசையாக எதிரே அழைத்து, ஒருவர் விடாமல் அடித்து முடித்தார். அழகான அடிகள்தான். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. என் ஆசானுக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது, 24 வயதில் அவருடைய கூடம் என் கைக்கு வந்தது. நானும் இதையேதான் செய்தேன்.

நேரத்துக்கு வர வேண்டும், வருகைப் பதிவேடு வைக்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜெயித்துக் காட்டுவது

பொறுப்பு வந்த மறுநாளே, "சின்னப் பையன்தானே" என்று எல்லோரும் நினைப்பதாக நமக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும். யாரும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அதற்குப் பதில் சொல்ல வாளைத் தூக்கிவிடுவோம்.

எங்கள் கூடத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். வேகம் குறைவு. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குத் தலைக்கவசக் கயிற்றைக் கட்டிவிடுவது, மூங்கில் வாளான ஷினாயைப் பிரித்துச் சீவிச் சரிசெய்வது, அழுகிற பிள்ளையைத் தேற்றி மறுபடி வரிசையில் நிறுத்துவது எல்லாம் அவர்தான். ஒரு மாலை, எல்லோரும் பார்க்க, அவரை ஓயாமல் அடித்தேன். கடைசியாகத் தொண்டைக் காப்பின் மேல் ஒரு குத்து. இரண்டடி தள்ளாடி நின்றார். வணங்கினார். கவசத்தைக் கழற்றி, தலைத்துணியை எப்போதும்போல நிதானமாக மடித்து வைத்தார். அடுத்த வாரம் வரவில்லை. பிறகு பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஏன் என்று புரியவே எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்க ஆசான்கிட்ட இருபது வருஷம் அடி வாங்கியிருக்கேன் தம்பி. ஒரு நாள்கூட அவமானமா இருந்ததில்ல" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, எனக்கும் பேச வரவில்லை.

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல், இதற்கான பாடம் கண்ணெதிரிலேயே இருந்தது என்பதில்தான். 1912-இல் வகுக்கப்பட்ட கெண்டோ கட்டாக்கள், அதாவது வரையறுத்த அசைவுத் தொடர்கள், 10. அவற்றில் 7 நெடுவாளுக்கு, 3 குறுவாளுக்கு. எல்லாவற்றிலும் இருவர் எதிரெதிரே நிற்பார்கள். மூத்தவர் உச்சிதாச்சி, கற்பவர் ஷிதாச்சி. பத்திலும் தோற்பவர் மூத்தவர்தான். கடைசி மூன்றில் ஷிதாச்சியின் கையில் இருப்பது குறுவாள்; அப்போதும் நெடுவாளோடு வரும் மூத்தவர்தான் தோற்கிறார். வாரம் தவறாமல் இதைச் செய்துவந்தேன். அதன் பொருள் மட்டும் என் தலையில் ஏறவில்லை.

இது விட்டுக்கொடுத்துத் தோற்பது என்றும் நினைத்துவிடாதீர்கள். முதல் கட்டாவில் உச்சிதாச்சி எதிராளியின் தலையைக் குறிவைத்து முழு மனதோடு வெட்ட வேண்டும். அந்த வெட்டு பொய்யாக இருந்தால் ஷிதாச்சிக்குப் பின்வாங்க அவசியமே இல்லை. தூரமும் நேரமும் அவர் உடம்பில் பதியாது. அன்றாடப் பயிற்சியில் அடி வாங்கி நிற்பவரை மோத்தோதாச்சி என்போம். வாள் முனையை விலக்கித் தலையைத் திறந்து காட்டும் அந்த நொடியில்தான் அவருடைய திறமை இருக்கிறது. முந்திவிட்டால் மாணவர் சோம்பேறியாகிறார். பிந்திவிட்டால் தடுமாறி அடித்து, அந்தத் தடுமாற்றத்தையே பழகிவிடுகிறார். சரியாக அடி வாங்கக் கற்க எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று. அடிக்கக் கற்றதைவிடக் கடினம்.

பலத்தைக் காட்டத்தான் வேண்டுமென்றால் போட்டிகளில் காட்டுங்கள், உங்களைவிட வலியவர்களிடம் காட்டுங்கள். உங்கள் மாணவரின் அடி நன்றாக விழுந்தால், கூடமே கேட்கும்படி "நல்ல அடி" என்று சொல்லுங்கள்.

அடிப்படைப் பயிற்சியை வெட்டுவது

எல்லோருக்கும் மோதல்தான் பிடிக்கும். கூட்டம் சேரட்டும் என்று காலடிப் பயிற்சியை நான் பாதியாகக் குறைத்தேன். சில வாரங்களில் இடது பாதங்கள் வெளிப்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தன. கெண்டோவில் உடம்பை முன்னே தள்ளுவது இடது கால்தான். குதிகால் தசைநாண் கிழிவதும் பெரும்பாலும் அந்தக் காலில்தான். ஒருவருக்கு அந்தத் தசைநாண் வீங்கியபோதுதான் பழைய நேரத்துக்கே திரும்பினேன். முதல் ஆறு மாதம் ஆசானின் பாடமுறையில் எதையும் தொடாதீர்கள்.

ஷினாயைப் பார்க்காமல் தொடங்குவது

நான்கு பட்டைகளையும் ஒவ்வொரு முறையும் தடவிப் பாருங்கள். ஒரு சிம்பு முகக் கம்பிக்குள் புகுந்தால் கண் போய்விடும்.

விலகிப் போனவரைப் பற்றிப் பேசுவது

பேசாதீர்கள்.

சொந்தப் பயிற்சியை விட்டுவிடுவது

வேறொரு கூடத்துக்குப் போய், வரிசையின் கடைசியில் நில்லுங்கள். மாதம் ஒரு முறையாவது.

பழைய ஆசானை ஒதுக்குவது

அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாலே என் சொல்லுக்கு மதிப்பு குறைவதாக எண்ணி, பயிற்சி நேரத்தில் மாணவர்கள் அவரிடம் சந்தேகம் கேட்பதை நிறுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வருவதைக் குறைத்துக்கொண்டார். நானே போய் அழைத்து வந்து அவரைப் பழைய இடத்தில் உட்கார வைக்க ஒரு வருடம் ஆனது. அன்று அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, கயிறு கட்டிவிடுகிறவர் எங்கே என்பதுதான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அன்றிரவே ஆசான் அவரை அழைத்துப் பேசினார். அடுத்த வாரம், வகுப்பு தொடங்கக் கால் மணி நேரம் முன்பே, அவர் தரையில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணின் கவசக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.