முதல் முறை இறக்குமதியா? கப்பல் ஏறும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

தூத்துக்குடியில் ஒரு சிஎஃப்எஸ் ஷெட், அதாவது கண்டெய்னர் சரக்கை இறக்கி வைக்கும் கிடங்கு. என் முதல் சரக்கு, சீனாவிலிருந்து வந்த 62 பெட்டி சட்டை பட்டன், தரையில் அடுக்கியிருந்தது. புது ஐஇசி (இறக்குமதி, ஏற்றுமதி செய்பவருக்கான பதிவு எண்) என்றால் பரிசோதனைக்கு விழ வாய்ப்பு அதிகம், என்னுடையதும் விழுந்தது. அதிகாரி சொன்ன பெட்டிகளை ஆட்கள் இழுத்துப் போட்டு, கட்டரால் டேப்பைக் கிழித்துத் திறந்தார்கள். 41ஆம் நம்பர் பெட்டியில் பட்டன் பாக்கெட்டுகளுக்கு அடியில் வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன அட்டை டப்பா இருந்தது. உள்ளே 20 பவர் பேங்க், சப்ளையரின் லோகோ அச்சடித்தது. புது வாடிக்கையாளர் என்ற அன்பில் அவர்கள் வைத்த பரிசு. இன்வாய்ஸிலும் இல்லை, பேக்கிங் லிஸ்ட்டிலும் இல்லை.

பவர் பேங்க்குக்கு இந்தியாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். அதனால் இது அறிவிக்காத சரக்கு மட்டுமல்ல, பதிவில்லாமல் கொண்டுவரவே கூடாத சரக்கும்கூட. அபராதம் கட்டினேன், பவர் பேங்குகள் போயின, பட்டன் வெளியே வர 12 நாள் ஆனது. திருப்பூரில் அந்தப் பட்டனுக்காக ஒரு ஆர்டர் காத்துக்கிடந்தது.

இதை முதலில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சுங்கத்தில் மாட்டிய பிறகு எல்லோரும் அங்கே என்ன செய்யலாம், யாரைப் பார்க்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் தவறு நடந்த இடம் துறைமுகம் இல்லை. சப்ளையருக்கு ஆர்டர் போட்ட அன்று, அல்லது அவர் அனுப்பிய காகிதத்தைப் படிக்காமல் 'ஓகே' போட்ட அன்று அது நடந்து முடிந்துவிட்டது. என் விஷயத்தில், இன்வாய்ஸில் இல்லாத ஒரு பொருளும், சாம்பிளோ பரிசோ எதுவாக இருந்தாலும், உள்ளே வைக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இப்போது ஒவ்வொரு ஆர்டரிலும் அந்த வரி இருக்கிறது.

அடுத்தது ஹெச்எஸ் கோடு, ஒவ்வொரு பொருளையும் சுங்கத்தில் வகைப்படுத்தும் எண். சப்ளையர் இன்வாய்ஸில் போட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. முதல் 6 இலக்கம்தான் உலகம் முழுக்க ஒன்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் பிரித்துக்கொள்கிறது, நமக்கு மொத்தம் 8 இலக்கம். அந்த 6 இலக்கத்தையும்கூட சப்ளையர் தன் ஊர் ஏற்றுமதி வரித் திரும்பப்பெறுதலை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கலாம். இந்தியாவில் சுயமதிப்பீடு, அதாவது கோட்டையும் வரியையும் இறக்குமதியாளரே கணக்கிட்டு அறிவிக்கும் முறை என்பதால் கோடு தப்பானால் பொறுப்பு உங்களுடையது. சப்ளையரைக் கைகாட்ட முடியாது. கோடு மாறினால் வரி விகிதம் மட்டும் மாறாது. பிஐஎஸ் வேண்டுமா, உணவுப் பொருளாக இருந்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதி வேண்டுமா, புளூடூத் உள்ள பொருளுக்கு டபிள்யூபிசி ஒப்புதல் வேண்டுமா, அடிமாட்டு விலையில் வந்து குவிவதைத் தடுக்கும் ஆன்டி டம்பிங் வரி இருக்கிறதா, எல்லாம் அதோடு சேர்ந்தது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் கட்டாயம். இன்றும் சந்தையில் விலையைப் பார்த்துவிட்டுப் பொம்மை வாங்கிப் போட்டு, துறைமுகத்தில் வந்து விழிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரி அனுமதிகளைச் சரக்கு வந்தபின் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பிஐஎஸ் சான்று வெளிநாட்டுத் தொழிற்சாலையின் பெயரில் வாங்க வேண்டியது, அது கிடைப்பதற்குள் சரக்கு கிடக்கும் இடத்தின் வாடகையே சரக்கின் விலையைத் தின்றுவிடும்.

சரி, வரிக் கணக்கு. அடிப்படைச் சுங்க வரி 10, இறக்குமதிக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 18, ஆகமொத்தம் 28 சதவீதம் என்று கூட்டி விலை நிர்ணயித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. மதிப்பு 1,00,000 ரூபாய் என்றால் அடிப்படை வரி 10,000. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநல சர்சார்ஜ், 1,000. இப்போது 1,11,000க்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, 19,980. மொத்தம் 30,980. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்து, பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரம்) ஜிஎஸ்டி எண் சரியாகப் போயிருந்தால் அந்த 19,980 பின்னால் கிரெடிட்டாக வரும், ஆனால் கையிலிருந்து முதலில் போக வேண்டும். அப்புறம் அந்த 1,00,000 என்பது சரக்கின் விலை மட்டும் இல்லை, கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்தது. கூலிக்கு ஆதாரம் காட்ட முடியாவிட்டால் எஃப்ஓபி மதிப்பில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 20 சதவீதத்தைக் கூலியாகவும், 1.125 சதவீதத்தை இன்ஷூரன்ஸாகவும் ஏற்றிவிடுவார்கள். 8 லட்சம் ரூபாய் சரக்குக்கு நிஜக் கூலி 30,000தான் என்றாலும் பில் கையில் இல்லை என்றால் 1,60,000 என்று கணக்கு. ஒரே ஒரு ரசீதுக்காக!

'பாதி விலைக்கு இன்வாய்ஸ் போடட்டுமா?' என்று சப்ளையரே கேட்பார், அவருக்கு அது சர்வசாதாரணம். வேண்டாம். அதே பொருள் அதே காலத்தில் வேறு யார் என்ன விலைக்கு இறக்கினார்கள் என்ற விவரம் சுங்கத்துறையிடம் இருக்கிறது. நீங்கள் வங்கி வழியாக அனுப்பிய பணத்துக்கும் பதிவு இருக்கிறது. சரக்கைப் பறிமுதல் செய்யவும் அபராதம் போடவும் 1962 ஆண்டின் சுங்கச் சட்டத்தில் இடம் உண்டு, உங்கள் ஐஇசி மேல் விழுந்த கறை அடுத்தடுத்த சரக்குகளிலும் தொடரும். முதல் சரக்கிலேயே இதைச் செய்து நல்ல தொழிலைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

முழு கண்டெய்னர் எடுக்க முடியாமல் எல்சிஎல்லில் (மற்றவர்களின் சரக்கோடு ஒரே கண்டெய்னரில்) போடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. 'கப்பல் கூலி இல்லை, தூத்துக்குடி வரை இலவசம்' என்று சப்ளையர் சொன்னால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். அந்தக் கூலியை இங்கே இருக்கிற ஏஜென்ட், சரக்கை எடுக்கத் தேவையான டெலிவரி ஆர்டர் கொடுக்கும்போது வேறு வேறு பெயர்களில் வசூலிப்பார். அந்த பில்லைப் பார்க்கும்போது சரக்கு ஷெட்டில் இருக்கும், தினவாடகை ஓடிக்கொண்டிருக்கும், பேரம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது. எஃப்ஓபியில் வாங்கி, சரக்கைக் கொண்டுவர ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரை நீங்களே இங்கே பிடியுங்கள். இறங்கும் இடத்துச் செலவு ஒவ்வொன்றையும் முன்னாலேயே எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

மிக முக்கியமானது செக்லிஸ்ட். பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் முன் சிஹெச்ஏ (சுங்க ஏஜென்ட்) அதன் வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பலரும் திறக்காமலே கட்டைவிரலைப் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் கொடுங்கள். ஜிஎஸ்டி எண், ஏடி கோடு (பணம் அனுப்பும் வங்கியின் எண்), எடை, பெட்டி எண்ணிக்கை, நாணயம், ஹெச்எஸ் கோடு, எல்லாவற்றையும் இன்வாய்ஸோடும் பில் ஆஃப் லேடிங்கோடும் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) விரல் வைத்து ஒப்பிடுங்கள். தாக்கல் செய்தபின் திருத்தம் முடியும், ஆனால் அதற்கு விண்ணப்பம், கட்டணம், அதிகாரியின் ஒப்புதல் என்று நாட்கள் போகும். பொருள் விவரத்தில் 'ஆக்சஸரீஸ்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'பாலியஸ்டர் பட்டன், 18 லைன் அளவு, நான்கு துளை' என்று எழுதுங்கள். 2020 ஜூன் 8ஆம் தேதி சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கிய முகமில்லா மதிப்பீடு இப்போது நாடு முழுக்க இருக்கிறது. தூத்துக்குடியில் இறங்கும் உங்கள் சரக்கின் காகிதத்தை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கலாம். அவருக்கு உங்களைத் தெரியாது, பெட்டியும் அவர் முன்னால் இல்லை. நீங்கள் எழுதியதுதான் அவருக்குச் சரக்கு. கேட்லாக், படம் எல்லாம் சேர்த்தே ஏற்றிவிட்டால் பாதிக் கேள்விகள் வராது.

நேரமும் காசுதான். கப்பல் வந்து சேர்வதற்கு 30 நாள் முன்பிருந்தே பில் ஆஃப் என்ட்ரி போடலாம். பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் முதல் 3 நாள் தினமும் 5,000 ரூபாய், அதன்பின் தினமும் 10,000. வரி கட்டத் தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. இவை அரசுக்கு. கண்டெய்னரைத் திருப்பிக் கொடுக்காததற்குக் கப்பல் கம்பெனி கேட்கும் டிடென்ஷன் வேறு, இடத்துக்குக் கட்டும் வாடகை வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றை மட்டும் கணக்குப் போடுகிறார்கள்.

வியட்நாம், தாய்லாந்து போன்ற ஆசியான் நாடுகளிலிருந்து வாங்குபவர்கள், வர்த்தக ஒப்பந்தச் சலுகை வரி வேண்டும் என்றால், பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் மூலச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம். 2020 செப்டம்பர் 21 முதல், பொருள் உண்மையிலேயே அங்கே தயாரானதுதான் என்பதற்கான விவரங்களையும் நீங்கள் வைத்திருக்க வேண்டும். சீனப் பொருளைச் சிங்கப்பூர் வியாபாரியிடம் வாங்கினால் அது சிங்கப்பூர் பொருள் ஆகிவிடாது.

சரக்கு குடோனுக்கு வந்ததும் ஃபைலை மூடிவிடாதீர்கள். முன்பணம் அனுப்பியிருந்தால் அதற்கான பில் ஆஃப் என்ட்ரியை வங்கியில் கொடுத்துக் கணக்கை நேர் செய்ய வேண்டும். ஏடி கோடு தப்பாகப் போயிருந்தால் அது வேறு வங்கியின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும், உங்கள் வங்கி அடுத்த பணத்தை அனுப்பத் தயங்கும். காகிதங்களை 5 ஆண்டு வைத்திருங்கள், தணிக்கைக்குக் கேட்பார்கள். ஐஇசி விவரங்களையும் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) தளத்தில் உறுதி செய்ய வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். விட்டுவிட்டால் எண் முடங்கிவிடும், அது பெரும்பாலும் அடுத்த சரக்கு கடலில் இருக்கும்போதுதான் தெரியவரும்.