பிஎஸ்ஏ ஸ்கிராம்பிளரைப் புதுப்பிக்கிறீர்களா? அந்த ஃபிரேமுக்குள் ஆயில் ஓடுகிறது

சென்ற மாதம் பர்மிங்ஹாமில் என் கொட்டகைக்கு ஓர் இளைஞர் பிஎஸ்ஏ என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியின் ஸ்கிராம்பிளர், அதாவது சேற்றிலும் மேட்டிலும் பந்தயம் ஓட்டும் பைக், பி50-யின் ஃபிரேம் ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார். புதிதாகக் கருப்புப் பவுடர் கோட்டிங் அடித்து முகம் பார்க்கலாம் போல இருந்தது. "அண்ணா, இன்ஜினை ஏத்த உதவி பண்ணுங்க" என்றார். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டேன். நுனியில் கண்ணாடித் தூள் நறநறத்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

ஆயிலைச் சரிபாருங்கள், செயினை இறுக்குங்கள் என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாமல் சிக்கிக்கொள்ளும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஃபிரேமை பிளாஸ்டிங்குக்கு அனுப்புவது

பிளாஸ்டிங் என்றால் கண்ணாடி நுண்மணிகளைக் காற்றழுத்தத்தில் அடித்துப் பழைய பெயின்டை உரிப்பது. அது இந்த ஃபிரேமுக்கு ஏன் ஆகாது என்று புரிய, வண்டியின் கதை தெரிய வேண்டும். இந்த வண்டியின் கதையே எடை குறைத்த கதைதான். 1958-இல் வந்த சி15 என்ற சாதுவான 250 சிசி ரோடு வண்டியில்தான் இந்த இன்ஜின் பிறந்தது. பிறகு 343, 420, 441 சிசி என்று வளர்ந்தது. கனமான 500 சிசி வண்டிகளுக்கு நடுவே இந்தச் சின்ன இன்ஜினை வைத்துத்தான் பிஎஸ்ஏ பந்தய வீரர் ஜெஃப் ஸ்மித் 1964, 1965 இரண்டு ஆண்டும் 500 சிசி பிரிவின் உலக மோட்டோகிராஸ் (கரடுமுரடான மண் பாதைப் பந்தயம்) பட்டத்தை வென்றார். 1966-இல் டைட்டானியத்தில் ஃபிரேம் செய்யும் அளவுக்கு பிஎஸ்ஏ போனது. அது விரிசல் விட்டால் மைதானத்தில் வைத்து வெல்டிங் செய்ய முடியாது. அந்த முயற்சி நிலைக்கவில்லை.

ஆயில் டேங்கைத் தனியாக ஏன் சுமக்க வேண்டும், ஃபிரேம் குழாயிலேயே ஊற்றிவிடலாம் என்ற யோசனை மட்டும் நின்றது. 441 சிசி பந்தய வண்டியான விக்டர் ஜிபியிலும், பின்னால் வந்த 499 சிசி பி50-யிலும் ஆயில் இருப்பது குழாய்க்குள்தான்.

என் ஃபிரேமை பிளாஸ்டிங் செய்த கடைக்காரர், "எல்லா ஓட்டையும் அடைச்சாச்சு" என்றார். நம்பினேன். மண்ணெண்ணெய் விட்டு ஒரு முறை அலசினேன், தெளிவாக வந்தது. இன்ஜினைப் பூட்டி நாற்பது மைல் ஓட்டியிருப்பேன், அடியிலிருந்து டக் டக் என்று சத்தம். பிரித்துப் பார்த்தால் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்துப் பேரிங்) போயிருந்தது, ஆயில் பம்ப்பின் பற்களெல்லாம் கீறல். அந்த வருடச் சேமிப்பு மொத்தமும் அதில் போனது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒரு முறை அலசினால் ஏன் போதாது? ஐம்பது வருட ஆயில் கசடு குழாயின் உள்சுவரில் பிசினாகப் படிந்திருக்கும். நுண்மணிகள் அதில் போய்ப் புதைந்துகொள்ளும். குளிர்ந்த மண்ணெண்ணெய்க்கு அது அசையாது. சூடான ஆயிலும் இன்ஜின் அதிர்வும் சேர்ந்தால்தான் கரைந்து கிளம்பும். கம்பி வலை வடிகட்டியைத் தாண்டி நேரே பம்ப்புக்குப் போய்விடும். கண்ணாடி என்பதால் காந்தம் போட்டும் பிடிக்க முடியாது.

பிளாஸ்டிங் வேண்டாம். பெயின்ட் ரிமூவர் தடவிக் கையால் சுரண்டுங்கள். இரண்டு நாள் போகும், போகட்டும். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், கசடைக் கரைக்கும் திரவத்தை நிரப்பி ஓர் இரவு ஊறவிடுங்கள். ரப்பர் சுத்தியலால் தட்டித்தட்டி, ஃபிரேமைப் புரட்டிப்புரட்டி வடியுங்கள். வடிவதை வெள்ளைத் துணியில் பிடித்து வெயிலில் காட்டுங்கள். மின்னுவது ஒன்று இருந்தாலும் மறுபடி ஊறவிட வேண்டும். ஆயில் திரும்பும் குழாயில் தனி ஃபில்டர் ஒன்றும் வையுங்கள்.

பேட்டரி வண்டி போல டைமிங் வைப்பது

போட்டிக்கென்று வந்த பழைய பிஎஸ்ஏக்கள் பலவற்றில் பேட்டரி கிடையாது. ஆல்டர்னேட்டரின் மின்துடிப்பு உச்சத்தில் இருக்கும் அந்த நொடியில் பாயிண்ட், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச், திறந்தால்தான் ஸ்பார்க். பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம். அது தேய்ந்து மாறினால் உச்சம் தவறிவிடும், வண்டி கிளம்பாது. பலர் கார்புரேட்டரைக் கழற்றி நேரத்தை வீணாக்குகிறார்கள். முதலில் பாயிண்டைப் பாருங்கள்.

மில்லிமீட்டர் ஸ்பேனர்

தொடவே தொடாதீர்கள். இந்த வண்டியின் நட்டுகள் அங்குலக் கணக்கு, ஸ்பேனர் சரியாகப் பொருந்தாமல் நட்டின் முனை மழுங்கிவிடும்.

பளபளப்பு

குரோம் பூச்சு சேறு படும் வண்டிக்கு எதற்கு?

அவசரம்

அந்த இளைஞருக்கு அடுத்த வாரமே போட்டியில் ஓட்ட ஆசை. அவருடைய ஃபிரேம் இப்போது என் கொட்டகை உத்தரத்தில் தலைகீழாகத் தொங்குகிறது. நேற்று நான்காவது முறை வடித்தோம். துணியில் இன்னும் மின்னியது.