பிமென்டோ சீஸ் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருவிய செடார் சீஸ், மயோனைஸ், காரமில்லாத சிவப்புப் பிமென்டோ மிளகாய் ஆகிய மூன்றையும் பிசைந்து ரொட்டியில் தடவிச் சாப்பிடும் பண்டம், அமெரிக்கத் தென்மாநிலங்களில் வீட்டுக்கு வீடு உண்டு. அதைப் புதிதாகச் செய்யத் தொடங்குபவர்கள், தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளையே மீண்டும் செய்வதைக் கண்டு இதை எழுதுகிறேன். உப்பு, காரம் பற்றிய பிழைகளை அவரவர் நாக்கே திருத்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

துருவி விற்கும் சீஸ்

பாக்கெட்டில் வரும் துருவல் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க, அதன்மேல் உருளைக்கிழங்கு மாவுச்சத்தையோ செல்லுலோஸ் பொடியையோ தூவியிருப்பார்கள். நமக்கு வேண்டியதோ துருவல் மயோனைஸைப் பற்றிக்கொண்டு திரள்வது. அந்தப் பொடி குறுக்கே நிற்பதால் கலவை நாக்கில் மாவாக நெருடும். சேரவில்லையே என்று மேலும் மேலும் மயோனைஸை இட, கடைசியில் எண்ணெய்ச் சுவையே மிஞ்சும்.

உறவினர் ஒருவர் விருந்துக்காக, நாள்பட முதிர்ந்த செடார் என்று அட்டையில் எழுதியிருந்ததை நம்பி, விலை உயர்ந்த துருவல் பாக்கெட்டுகளைப் பை நிறைய வாங்கி வந்தார். கட்டியாக வாங்குங்கள் என்று முன்பே சொல்லியிருந்தும் அவர் கேட்கவில்லை. வந்தவர்கள் ஒரு வாய் தின்றுவிட்டு மீதியைத் தட்டிலேயே ஒதுக்கினார்கள். நல்ல சீஸுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு அதன் சுவையை இழப்பதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. கட்டியை, குளிர்ச்சி குறையுமுன், பாதியைப் பெருந்துருவலாகவும் பாதியைச் சிறுதுருவலாகவும் துருவுங்கள். சற்று இளகிய பின் பிசையுங்கள்.

வாட்டாத குடைமிளகாய்

டப்பா மிளகாய் மட்டம் என்று எண்ணிச் சிலர் குடைமிளகாயை வாட்டாமல் அப்படியே நறுக்கிப் போடுகிறார்கள். ஸ்பெயினிலிருந்து வந்துகொண்டிருந்த பிமென்டோவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிரிஃபின் வட்டாரத்தில் பயிரிட்டு, வாட்டித் தோலுரித்து டப்பாவில் அடைக்கத் தொடங்கிய பிறகுதான் இது எளியவர்களின் பண்டமாயிற்று. ஆகவே டப்பாவே முறை. நீரை மட்டும் நன்றாக வடித்துவிடுங்கள்.

இனிப்பு மயோனைஸ்

தென்கரோலினாவின் கிரீன்வில்லில் 1917இல் யூஜீனியா டியூக் தொடங்கிய டியூக்ஸ் மயோனைஸில் சர்க்கரை இல்லை. அங்குள்ளவர்கள் பலர் அதையே கேட்டு வாங்குகிறார்கள்.

மிக்ஸியில் அரைப்பது

கூடாது.

வெளியிலேயே வைத்திருப்பது

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

அகஸ்டாவில் மட்டுமே தேடுவது

ஏப்ரலில் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில், பிமென்டோ சீஸ் சாண்ட்விச்சைப் பல ஆண்டுகளாக ஒன்றரை டாலருக்கே விற்கிறார்கள். சாண்ட்விச் மலிவு, அனுமதிச்சீட்டு கிடைப்பதுதான் அரிது. அதற்காகக் காத்திராமல் தென்கரோலினாவின் கொலம்பியாவுக்குச் செல்லுங்கள். அங்கே சூடான பர்கர் இறைச்சியின்மேல் இதை உருகவிட்டுத் தருகிறார்கள். ஆனால் முதலில் வெள்ளை ரொட்டியில் குளிர்ச்சியாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பர்கரைக் கேளுங்கள். உருகிய பின் துருவலின் பதம் தெரியாது.