சி.ஆர்.பி. பத்து மடங்கு ஏறிடுச்சா? முதல்ல அலகைப் பாருங்க

தீபாவளி முடிந்து தில்லியில் புகைமூட்டம் இறங்கியதும், எங்கள் மயூர் விகார் வாட்ஸ்அப் குழுவில் ரத்த ரிப்போர்ட்டுகள் வர ஆரம்பித்துவிடும். போன வருஷம் நானும் ஒன்று போட்டேன். பெரியப்பாவுடையது. அவருக்கு சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அக்டோபரில் 1.2, நவம்பரில் 11. பத்து மடங்கா என்று வீடே பதறியது. அப்புறம் பார்த்தால் முதல் லேப் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுத்திருக்கிறது, இரண்டாவது லேப் லிட்டருக்கு. 1.2-ஐ பத்தால் பெருக்கினால் 12, ஆக எண் ஒரு துளி இறங்கித்தான் இருந்தது.

அடுத்த தவறு, சி.ஆர்.பி.யை நுரையீரலின் மீட்டர் மாதிரி படிப்பது. அது கல்லீரலில் உருவாகும் புரதம், உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். ஈறு வீங்கினாலும் சரி, மூத்திரத் தொற்று வந்தாலும் சரி, உடல் பருமனாலும்கூட. 'நார்மல்' என்று வந்தால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. எக்லிப்ஸ் என்ற பெரிய ஆய்வில் சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் ஆறு அழற்சிக் குறியீடுகளை அளந்தபோது, கிட்டத்தட்ட 30 சதவீதம் பேருக்கு ஒன்றுகூட உயர்ந்திருக்கவில்லை. நோய் இருக்கிறதா என்று சொல்வது ஸ்பைரோமெட்ரி, ஊதிப் பார்க்கும் பரிசோதனை. அதைச் செய்யாமலே ரத்தத்தை மட்டும் மூன்று தடவை எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

சி.ஆர்.பி. கொஞ்சம் ஏறியதும் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்குவது இன்னொன்று. சி.ஆர்.பி.யைப் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்று பிரிட்டனில் சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். மூச்சிரைப்பு திடீரென்று மோசமானவர்களுக்கு சி.ஆர்.பி. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாடிக்கால் பலன் இருக்க வாய்ப்பு குறைவு, 40-க்கு மேல் என்றால் இருக்கலாம், நடுவில் இருந்தால் சளியின் நிறத்தையும் பார்த்து முடிவெடுங்கள் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டினார்கள். சி.ஆர்.பி. பார்க்காத குழுவில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் 77 சதவீதம், பார்த்த குழுவில் 57 சதவீதம்தான், அதனால் நோயாளிகளின் நிலைமை மோசமானதாகத் தெரியவில்லை. கவனியுங்கள், அது டாக்டர் நெஞ்சைச் சோதித்து, நோயாளியைப் பார்த்து, எண்ணையும் சேர்த்து எடுத்த முடிவு. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவதற்கு அதில் அனுமதி கிடையாது.

நிஜமாகவே சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும் எண் எது என்றால், நாம் திரும்பிக்கூடப் பார்க்காத ஈசினோஃபில், வெள்ளையணுக்களில் ஒரு வகை. ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சி.பி.சி. பரிசோதனையிலேயே இருக்கும். அடிக்கடி மோசமாகிறவருக்கு அது மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் உதவ வாய்ப்பு அதிகம், 100-க்குக் கீழே என்றால் பலன் குறைவு, நிமோனியா வரும் அபாயம்தான் மிச்சம். இங்கே நாங்கள் செய்த தவறு ரொம்பப் பொதுவானது. சதவீதத்தைப் பார்த்து '3 தானே' என்று விட்டுவிட்டோம். வெள்ளையணுக்கள் 5,000 என்றால் 3 சதவீதம் 150, அதுவே 12,000 என்றால் 360. இரண்டும் ஒன்றா? 'அப்சல்யூட்' என்று போட்டிருக்கும் வரியைத்தான் படிக்கணும்.

அதைவிடப் பெரிய தவறு, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தம் கொடுப்பது. பெரியப்பா ஐந்து நாள் ப்ரெட்னிசோலோன் போட்டுவிட்டு அடுத்த நாள் கொடுத்தார், ஈசினோஃபில் காணாமலே போயிருந்தது. மாத்திரைதான் அதை அமுக்கிவிட்டது என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. உடம்பு நிலைப்பட்ட பிறகு, மாத்திரை விட்டுச் சில வாரம் கழித்து, மறுபடி எடுக்கச் சொன்னார். எதிர்ப்பக்கமும் உண்டு. குடற்புழு, அலர்ஜி இருந்தாலும் ஈசினோஃபில் ஏறும், நம் ஊர்களில் அதை மறக்கக் கூடாது.

'ஃபுல் பாடி பேக்கேஜ்' விற்கிறவர்கள் ஃபைப்ரினோஜன், இன்டர்லியூகின்-6 என்று இன்னும் சில அழற்சிக் குறியீடுகளை அடுக்குவார்கள். ஃபைப்ரினோஜனை 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது மருந்து ஆய்வுகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கத்தான், உங்கள் வீட்டு மருந்துச்சீட்டை மாற்ற அல்ல. அந்தக் காசை வைத்து ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசி இரண்டையும் டாக்டரிடம் கேட்டுப் போடலாம். பெரியப்பா போட்டுக்கொண்டார், ஊசி என்றால் பயப்படுகிற ஆள்தான்.