'அஸ் டால் அஸ்': ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேச எளிய வழி

ஆங்கிலத்தில் இரண்டு பொருள்களை ஒப்பிட வேண்டும் என்றதும் பலருக்கும் ஒரு தயக்கம் வரும். எந்தச் சொல்லோடு 'அர்' சேர்ப்பது, எதற்கு முன்னால் 'மோர்' போடுவது? இரண்டையும் சேர்த்து 'மோர் சீப்பர்' என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், ஆரம்பத்தில் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு 'அஸ்... அஸ்' என்ற அமைப்பைப் பழகுங்கள். இதில் நடுவிலுள்ள சொல் மாறவே மாறாது. சமம், குறைவு, இரண்டு மடங்கு, பாதி எல்லாவற்றையும் இதை வைத்தே சொல்லிவிடலாம். பினாங்கில் பிறையிலோ பாயான் லெப்பாசிலோ தொழிற்சாலை வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு இதுவே போதும்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுதும்போது 'அஸ்' என்பது ஏ, எஸ் என்ற இரண்டே எழுத்து.

படி 1: சமம் என்று சொல்ல

இரண்டு 'அஸ்', நடுவில் ஒரு பண்புச் சொல். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே 452 மீட்டர் உயரம், இரண்டிலும் 88 மாடி.

'டவர் ஒன் இஸ் அஸ் டால் அஸ் டவர் டூ.'

பள்ளியில் மலாய் படித்தவர்களுக்கு இது சுலபம். 'திங்கி' என்றால் உயரம். முன்னால் 'செ' சேர்த்து 'செதிங்கி' என்றால் அதே அளவு உயரம். மலாயில் முன்னால் ஒன்று வந்தால் போதும், தமிழில் 'அளவுக்கு' என்று ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் முன்னாலும் பின்னாலும் வேண்டும். 'ஹீ இஸ் டால் அஸ் மீ' என்று முதல் 'அஸ்' விழுந்துவிடுவது இங்கே அடிக்கடி காதில் படும். பேச்சில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள், தேர்வுத்தாளில் விட்டுவிடாதீர்கள்.

நடுவில் வரும் சொல் இயல்பான வடிவத்தில்தான் இருக்க வேண்டும். 'அஸ் டாலர் அஸ்' தவறு, 'அஸ் மோர் பியூட்டிஃபுல் அஸ்' தவறு. சொல்லும்போது அழுத்தம் நடுச்சொல்லில் விழட்டும்; இரண்டு 'அஸ்' சத்தமில்லாமல் ஓடிவிட வேண்டும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 'மை போன் இஸ் சேம் லைக் யுவர்ஸ்' என்று சொல்வது சர்வ சாதாரணம். மலாயில் 'சாமா மாச்சாம்' என்கிறோமே, அதே ஜாடை. கடைத்தெருவில் எல்லோருக்கும் புரியும். ஆனால் எழுத்துத் தேர்விலும் அலுவலக மின்னஞ்சலிலும் 'த சேம் அஸ்' என்பதே சரி: 'மை போன் இஸ் த சேம் அஸ் யுவர்ஸ்.' இதில் ஒரே ஒரு 'அஸ்' தான்.

படி 2: 'நாட்' சேர்த்துப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். முதல் பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது, நீளம் 13.5 கிலோமீட்டர். இரண்டாவது பாலம் 2014இல் திறக்கப்பட்டது; 24 கிலோமீட்டர். அப்படியானால்:

'த ஃபர்ஸ்ட் பிரிட்ஜ் இஸ் நாட் அஸ் லாங் அஸ் த செகண்ட் பிரிட்ஜ்.'

'அவ்வளவு நீளம் இல்லை' என்று நாம் சொல்வோமே, அதேதான். 'நாட் ஸோ லாங் அஸ்' என்றாலும் சரி. ஆனால் 'ஸோ' வருவது, 'இல்லை' என்று மறுத்துச் சொல்லும்போது மட்டும்தான். சமம் என்று சொல்லும் வாக்கியத்தில் 'ஸோ லாங் அஸ்' போடக்கூடாது.

இந்த 'நாட் அஸ்' மரியாதைக்கும் உதவும். நேர்முகத் தேர்வில் 'மை இங்கிலீஷ் இஸ் பேட்' என்று தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். 'மை இங்கிலீஷ் இஸ் நாட் அஸ் குட் அஸ் மை மலாய், பட் ஐ ஆம் லேர்னிங்' என்று சொல்லிப் பாருங்கள். சொல்வது உண்மைதான், ஆனால் உங்களை நீங்களே மட்டம் தட்டிக்கொண்டது போல இருக்காது. மலாய் நன்றாக வரும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள்.

படி 3: எத்தனை மடங்கு?

மடங்கைச் சொல்லும் சொல் முதல் 'அஸ்' முன்னால் வர வேண்டும். 'ட்வைஸ்' இரண்டு மடங்கு, 'ஹாஃப்' பாதி, 'த்ரீ டைம்ஸ்' மூன்று மடங்கு. 'அஸ் ட்வைஸ் லாங் அஸ்' என்று நடுவில் சொருகினால் வாக்கியம் உடைந்துவிடும்.

'த செகண்ட் பிரிட்ஜ் இஸ் ஆல்மோஸ்ட் ட்வைஸ் அஸ் லாங் அஸ் த ஃபர்ஸ்ட்.'

13.5ஐ இரட்டித்தால் 27 வரும். 24 அதை எட்டவில்லை. அதனால்தான் 'ஆல்மோஸ்ட்'.

'த்ரீ டைம்ஸ் மோர்' என்றும் மக்கள் சொல்வார்கள். அது மூன்று மடங்கா, ஏற்கனவே உள்ளதோடு இன்னும் மூன்று மடங்கு சேர்ந்து நான்கா என்று வாதாட இடம் உண்டு. 'த்ரீ டைம்ஸ் அஸ் மச் அஸ்' என்றால் அந்தத் தகராறே இல்லை. விலைப்பட்டியலோ அறிக்கையோ எழுதுகிறவர்கள் இதையே பிடித்துக்கொள்வது நல்லது.

படி 4: மெனியா, மச்சா?

எண்ணக்கூடியதற்கு 'மெனி', எண்ண முடியாததற்கு 'மச்'. பொருளின் பெயர் அதற்கும் இரண்டாவது 'அஸ்'ஸுக்கும் நடுவில் உட்காரும். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி, பத்துமலைக்கு 272.

'தண்ணீர்மலை ஹாஸ் ஆல்மோஸ்ட் ட்வைஸ் அஸ் மெனி ஸ்டெப்ஸ் அஸ் பத்து கேவ்ஸ்.'

தைப்பூசத்தன்று வெயில் ஏறிய பிறகு படியேறியவர்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை!

சர்க்கரையை எண்ண முடியாது. 'டோன்ட் புட் அஸ் மச் ஷுகர் அஸ் யெஸ்டர்டே' என்றால் நேற்றுப் போட்ட அளவு வேண்டாம் என்று பொருள். சம்பளத்தை வெள்ளி (ரிங்கிட்) வெள்ளியாக எண்ணினாலும் ஆங்கிலத்தில் பணத்துக்கு 'மச்' தான்: 'ஐ டோன்ட் எர்ன் அஸ் மச் அஸ் மை பிரதர்.'

கவனிக்க வேண்டிய ஓர் இடம். 'மை வைஃப் லவ்ஸ் டுரியான் அஸ் மச் அஸ் மீ.' மனைவிக்கு உங்களைப் போலவே டுரியான் பிடிக்குமா, அல்லது உங்களையும் டுரியானையும் ஒரே அளவு பிடிக்குமா? முதல் பொருள்தான் வேண்டுமென்றால் 'அஸ் மச் அஸ் ஐ டூ' என்று முடியுங்கள். இந்த மாதிரிக் குழப்பம் இல்லாத இடத்தில் 'அஸ் டால் அஸ் மீ' என்று தாராளமாகச் சொல்லலாம்; கொஞ்சம் கறாரான எழுத்தில் 'அஸ் டால் அஸ் ஐ ஆம்'.

படி 5: ஒப்பீடு மாதிரி தெரியும், ஆனால் இல்லை

'அஸ் சூன் அஸ்' என்றால் 'உடனே'. 'அஸ் லாங் அஸ் யூ பே, யூ கேன் ஸ்டே' என்று வீட்டுக்காரர் சொன்னால் நீளத்தைப் பற்றிப் பேசவில்லை. வாடகை கொடுக்கும் வரை இருக்கலாம் என்கிறார். 'அஸ் வெல் அஸ்' இரண்டு வேடம் போடும். 'ஷீ சிங்ஸ் அஸ் வெல் அஸ் ஹெர் சிஸ்டர்' என்றால் பெரும்பாலும் அக்கா அளவுக்கு நன்றாகப் பாடுகிறாள். 'ஷீ ஸ்பீக்ஸ் டமில் அஸ் வெல் அஸ் ஹொக்கியென்' என்றால் தமிழோடு ஹொக்கியெனும் பேசுகிறாள் என்றும் கொள்ளலாம். பேச்சின் போக்கை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

சரி, பயிற்சி. விடையைப் பார்க்காமல் முதலில் சொல்லிப் பாருங்கள்.

பினாங்குக் கொடிமலை 833 மீட்டர், கெடாவிலுள்ள குனோங் ஜெராய் 1217 மீட்டர். 'நாட்' போட்டு ஒரு வாக்கியம்.

ஒரு கடையில் நாசி கண்டார் 8 வெள்ளி, பக்கத்துக் கடையில் 16. மடங்கு போட்டு ஒரு வாக்கியம்.

'மை சன் ஸ்டடீஸ் அஸ் ஹார்டர் அஸ் மை டாட்டர்.' இதைத் திருத்துங்கள்.

விடைகள்: 'பினாங் ஹில் இஸ் நாட் அஸ் ஹை அஸ் குனோங் ஜெராய்.' மலைக்கு 'ஹை' பொருந்தும். ஆளுக்கும் கட்டடத்துக்கும் 'டால்'. அடுத்தது, 'த செகண்ட் ஷாப் இஸ் ட்வைஸ் அஸ் எக்ஸ்பென்சிவ் அஸ் த ஃபர்ஸ்ட்.' மூன்றாவது, 'மை சன் ஸ்டடீஸ் அஸ் ஹார்ட் அஸ் மை டாட்டர்.' இங்கே 'ஹார்ட்லி' என்று மாற்றிவிடாதீர்கள். 'ஹீ ஹார்ட்லி ஸ்டடீஸ்' என்றால் பையன் புத்தகத்தைத் தொடுவதே அபூர்வம் என்று பொருள்.